மலையில் குளிர் குற்றவாளி இல்லை!

அரையாண்டு லீவில் ஊட்டி, கொடைக்கானல் கிளம்புகிறீர்களா? ஸ்வெட்டரை எடுத்து வைக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

அரையாண்டுப் பரீட்சை முடிந்த அன்றைக்குச் சாயந்திரமே வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிடும். "அப்பா, இந்த லீவுக்கு எங்கேப்பா?" என்று பிள்ளைகள் கேட்க, "ரெண்டு நாள் எங்கேயாவது குளுகுளுன்னு போய்ட்டு வரலாமே" என்று அம்மாவும் சேர்ந்துகொள்ள, அப்பா காலண்டரைப் புரட்டுவார். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர் என்று இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் பாதிப் பேருக்கு டிசம்பர் கடைசி வாரம் இப்படித்தான் விடிகிறது.

நமக்குக் குளிர் என்றால் என்ன? மார்கழி விடியற்காலையில் வாசலில் கோலம் போடும்போது தலையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொள்வோமே, அவ்வளவுதான். தெர்மாமீட்டர் 20 டிகிரியை ஒட்டி இறங்கினாலே "என்னா குளிரு!" என்று மின்விசிறியை நிறுத்திவிடுகிறவர்கள் நாம். அதே மார்கழியில் கொடைக்கானலில் இரவு வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போகும். ஊட்டியில் சில விடியற்காலைகளில் பூஜ்யத்தைத் தொட்டு, புல் மேல் உறைபனி வெள்ளை விரிப்பாகக் கிடக்கும். ஒரே ராத்திரிப் பயணத்தில் நம் உடம்பை அங்கே கொண்டுபோய் இறக்குகிறோம்.

"குழந்தைக்குச் சளி பிடிச்சுடுமே" என்று பாட்டி கவலைப்படுவார். நியாயமான கவலைதான். ஆனால் சளி வந்தால் நாலு நாளில் போய்விடும். மலைக்குப் போன இடத்தில் உயிரையே எடுத்துக்கொண்டு போகிற சங்கதி ஒன்று உண்டு. குளிருக்குப் பயந்து நாமே அதை அறைக்குள் கொண்டுவந்து வைக்கிறோம். கதவையும் சாத்திக்கொள்கிறோம்! அதைப் பற்றிப் பின்னால் விவரமாகச் சொல்கிறோம். முதலில் கிளம்புவதிலிருந்து வரிசையாகப் பார்ப்போம்.

எந்த மலை உங்களுக்குச் சரி?

"எல்லாரும் ஊட்டிக்குப் போறாங்க, நாமும் போவோம்" என்று முடிவு செய்யாதீர்கள். வீட்டில் யார் யார் வருகிறார்கள் என்று பார்த்து மலையைத் தேர்ந்தெடுங்கள்.

கைக்குழந்தையும் எழுபது வயதுத் தாத்தாவும் கூட வருகிறார்களா? ஏலகிரி போதும். ஏறத்தாழ 3,500 அடி உயரம், 14 கொண்டை ஊசி வளைவுகள், தாம்பரத்திலிருந்து பகலிலேயே காரில் போய்ச் சேர்ந்துவிடலாம். இன்னும் கொஞ்சம் குளிர் வேண்டுமென்றால் சேலத்துக்கு மேலே ஏற்காடு. அது சுமார் 5,000 அடி, வளைவுகள் 20.

கொடைக்கானல் 7,000 அடி. ஊட்டி அதைவிடச் சில நூறு அடி அதிகம். இந்த உயரத்தில் காற்றிலிருந்து நமக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜன் சமவெளியைவிடக் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. ஆரோக்கியமானவருக்கு இது பொருட்டே இல்லை. மாடிப்படி ஏறினால் கொஞ்சம் இளைக்கும், முதல் ராத்திரி தூக்கம் சரியாக வராது, அவ்வளவுதான். லடாக், கேதார்நாத் போகிறவர்களுக்கு வரும் மலை நோய் பெரும்பாலும் 8,000 அடிக்கு மேலேதான் தலைகாட்டும். ஆகவே நம்மூர் மலைகளில் அந்தப் பயம் அநேகமாக வேண்டாம்.

ஆனால் சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், இருதய ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், நாலு அடி நடந்தாலே மூச்சு வாங்குகிறவர்கள், கட்டுக்கடங்காத பி.பி. உள்ளவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள் ஆகியோர் டிக்கெட் எடுக்கும் முன்பே டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். டிக்கெட் எடுத்த பிறகு கேட்டால், டாக்டர் "வேண்டாம்" என்று சொன்னாலும் மனசு கேட்காது!

மலைக்கும் ஆரோக்கியத்துக்கும் உள்ள சம்பந்தம் பழையது. கொடைக்கானல் என்ற ஊர் உருவானதே நோய்க்குப் பயந்துதான். மதுரைப் பக்கத்தில் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் ஆளாகி அவதிப்பட்ட அமெரிக்கப் பாதிரிமார்கள் 1845-ல் அங்கே முதல் வீடுகளைக் கட்டிக்கொண்டார்கள். உடம்பைத் தேற்றிக்கொள்ளப் போன இடம் அது. நாம் உடம்பைக் கெடுத்துக்கொண்டு திரும்பலாமா?

மூட்டை கட்டும்போது...

ஒரே ஒரு கனத்த ஸ்வெட்டரைவிட, ஒன்றின் மேல் ஒன்றாகப் போடும் மூன்று மெல்லிய உடைகள் நல்லது. உடைகளுக்கு நடுவில் தங்கும் காற்றுதான் உடம்புச் சூட்டைக் காப்பாற்றுகிறது. உள்ளே பருத்தி பனியன், அதன் மேல் முழுக்கைச் சட்டை, அதற்கும் மேல் கம்பளி. வெயில் ஏறினால் ஒவ்வொன்றாகக் கழற்றிவிடலாம். வியர்த்த பனியனை உடனே மாற்றுங்கள். ஈரத்துணி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். காலுறை ஆளுக்கு மூன்று ஜோடி இருக்கட்டும். ஒன்று நனைந்தால் ஒன்று வேண்டுமே. தலைக்குக் குல்லாய், காதுக்கு மப்ளர்.

மருந்துப் பை தனியாக இருக்கட்டும். அது பெட்டியில் போகக்கூடாது, கைப்பையில்தான் இருக்க வேண்டும். வழக்கமான பி.பி., சர்க்கரை, இருதய மாத்திரைகள் போகிற நாட்களுக்கும் மேலே இன்னும் மூன்று நாளைக்கு. கூடவே டாக்டர் எழுதிய சீட்டு, பாராசிட்டமால், உப்புக்கரைசல் பொட்டலம், தெர்மாமீட்டர், பேண்ட்-எய்ட். ஆஸ்துமா உள்ளவருக்கு இன்ஹேலர். அது அவருடைய சட்டைப் பையிலேயே இருக்க வேண்டும். "ரொம்ப நாளா இழுப்பே வரலையே" என்று வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். குளிர்காற்று ஆஸ்துமாவைத் தட்டி எழுப்பும்.

இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் அதைக் கார் டேஷ்போர்டு வெயிலிலும் வைக்கக்கூடாது, ஐஸ்கட்டியை ஒட்டியும் வைக்கக்கூடாது. உறைந்துபோன இன்சுலின் உபயோகப்படாது.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வண்டியில் போவோருக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் முறை வந்திருக்கிறது. கிளம்பும் முன் அன்றைய விதி என்ன என்று பார்த்துவிடுங்கள். மலையில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை உண்டு. ஆகவே ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில். ஒரு பெரிய ஃபிளாஸ்க் எடுத்துக்கொண்டால் வெந்நீருக்கு வெந்நீரும் ஆச்சு, ராத்திரி குழந்தை பாலுக்கும் ஆச்சு.

வளைவில் வயிற்றைப் பிரட்டுகிறதா?

ராத்திரி தாம்பரத்தில் பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிவதற்குள் கொடைரோடு. அங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர் மலைப்பாதை. வத்தலக்குண்டில் ஆளுக்கு ஆறு பூரி கிழங்கை உள்ளே தள்ளிவிட்டு வண்டி ஏறினால், மூன்றாவது வளைவில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை!

கண் ஒன்று சொல்லும், காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு வேறொன்று சொல்லும். மூளை குழம்பும். அதன் விளைவுதான் மலைப்பாதை வாந்தி. குழந்தை கையில் செல்போன் இருந்தால் இந்தக் குழப்பம் இரட்டிப்பாகும். போனை வாங்கி வையுங்கள். வாந்தி வரும் என்று தெரிந்தவரை முன்பக்கம் உட்கார வைத்து, தூரத்துச் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு இட்லி போதும். வெறும் வயிறும் கூடாது, முட்ட முட்டவும் கூடாது. வாயில் ஒரு துண்டு இஞ்சியை அடக்கிக்கொண்டால் சிலருக்குக் குணம் தெரியும்.

மாத்திரை போடுவதாக இருந்தால் மலை ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். வாந்தி வந்த பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துவிடும். குழந்தைக்கு என்ன மாத்திரை, எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர் சொல்லட்டும். இந்த மாத்திரைகள் தூக்கத்தை வரவழைக்கும். ஆகவே வண்டி ஓட்டுகிறவர் கண்டிப்பாகப் போடக்கூடாது.

காது 'கும்'மென்று அடைத்துக்கொண்டால் எச்சில் விழுங்குங்கள், கொட்டாவி விடுங்கள். பெரிய பிள்ளைகளுக்கு ஒரு மிட்டாய். கைக்குழந்தை ஏறும்போதும் இறங்கும்போதும் வீறிட்டு அழுதால் அது காதுவலியாக இருக்கலாம். தாய்ப்பால் கொடுங்கள். விழுங்க விழுங்க அடைப்பு விடும்.

போய் இறங்கியதும் ஓடாதீர்கள்

காட்டேஜில் பெட்டியை வைத்த கையோடு, "வா வா, போட் ஹவுஸ்! வா வா, தூண் பாறை!" என்று கிளம்புவது நம் வழக்கம். முதல் நாள் கொஞ்சம் நிதானம் தேவை. பெரியவர்கள் ஒரு மணி நேரம் படுத்து எழட்டும்.

குளிரில் தோலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கும். அதனால் பி.பி. கொஞ்சம் ஏறும், இருதயத்துக்கு வேலை கூடும். தாம்பரத்தில் காலை ஐந்தரைக்கு வாக்கிங் போகிற தாத்தா அங்கேயும் அதே நேரத்துக்கு ஷூவை மாட்டினால் தடுத்து நிறுத்துங்கள். எட்டு மணிக்கு மேல் வெயில் வந்த பிறகு நடக்கட்டும். நெஞ்சில் பாரம், இடது கை அல்லது தாடையில் வலி, காரணமில்லாத வியர்வை என்று எது வந்தாலும் "வாயுத் தொல்லை" என்று இஞ்சி மரப்பா கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரி.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு முக்கிய விஷயம். சர்க்கரை தாழ்ந்தாலும் உடம்பு நடுங்கும், குளிரினாலும் நடுங்கும். "குளிர்தான்" என்று போர்த்திக்கொண்டு படுத்துவிட்டால் ஆபத்து. நடுக்கத்தோடு வியர்வை, படபடப்பு, பசி, பேச்சில் குழறல் இருந்தால் சோதித்துப் பாருங்கள். சோதிக்க வசதி இல்லையா? முதலில் சர்க்கரைத் தண்ணீரைக் கொடுங்கள். நினைவு தப்பியவருக்கு மட்டும் வாயில் எதையும் ஊற்றக்கூடாது.

குளிரில் தாகம் தெரியாது. ஆனால் உடம்புக்குத் தண்ணீர் வேண்டும். வெதுவெதுப்பாக அடிக்கடி குடியுங்கள். காட்டேஜில் நீங்களே சமைக்கிறீர்களா? 7,000 அடியில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது. "என்ன பருப்பு வாங்கினீங்க?" என்று வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். குக்கர் எடுத்துப் போங்கள்.

மலை வெயிலும் ஏமாற்றும். சுடாது, ஆனால் தோலைக் கருக்கும். ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் புற ஊதாக் கதிர்கள் சுமார் 10 சதவீதம் கூடுகின்றன. குழந்தைகளுக்குத் தொப்பியும், உதட்டுக்குக் கொஞ்சம் வாசலைனும் மறக்காதீர்கள்.

குரங்குக்குப் பழம் நீட்டாதீர்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே வெறிநாய்க்கடிக்குப் போடும் தடுப்பூசியைப் போட வேண்டும். "சின்னக் கீறல்தானே, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்ற பேச்சே கூடாது.

ராத்திரி... இங்கேதான் கவனம்!

மர வீடு. வெளியே பனி. ஜன்னல் கண்ணாடியில் ஈரம் படர்ந்திருக்கிறது. சாயந்திரம் முற்றத்தில் கரி அடுப்பு மூட்டிச் சோளமும் கோழியும் சுட்டுச் சாப்பிட்டாயிற்று. மணி பத்து. அடுப்பில் புகை இல்லை, சுடர் இல்லை. தணல் மட்டும் செக்கச்செவேல் என்று தகதகக்கிறது. "வீணா போகுதே! உள்ளே ஒரு மூலையில வெச்சுட்டா ரூம் கதகதன்னு இருக்குமே" என்று யாருக்கும் தோன்றும்.

அந்த யோசனைதான் எமன்.

2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் இப்படித்தான் நடந்தது. திருச்சிப் பக்கத்திலிருந்து வந்த நண்பர்கள் தங்கும் விடுதியில் பார்பிக்யூ அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். அந்தக் கரி அடுப்பு இருந்த அறையில் படுத்த இரண்டு பேர் காலையில் எழுந்திருக்கவே இல்லை. வேறு அறையில் படுத்தவர்கள் பிழைத்தார்கள்.

2020 ஜனவரியில் நேபாளத்துக்குச் சுற்றுலா போன கேரளக் குடும்பங்களின் கதை இன்னும் கொடியது. டாமன் என்ற மலை ஊர், ஏறத்தாழ நம் ஊட்டியின் உயரம்தான். குளிருக்காக கேஸ் ஹீட்டரை ஏற்றி, கதவு ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு ஒரே அறையில் எட்டுப் பேர் படுத்தார்கள். எட்டுப் பேரும் இறந்தார்கள். அதில் நாலு பேர் குழந்தைகள்.

இவர்களில் யாரும் அசட்டையானவர்கள் இல்லை. குழந்தைக்குக் குளிரக்கூடாதே என்று நினைத்த பெற்றோர்கள்தான். உங்களையும் எங்களையும் போல!

புகை இல்லையே, அப்புறம் என்ன?

கரி, விறகு, கேஸ், மண்ணெண்ணெய், பெட்ரோல் என்று எது எரிந்தாலும் அதற்குக் காற்று வேண்டும். காற்று போதாமல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு உண்டாகிறது. அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை, கண்ணும் எரியாது, இருமலும் வராது. புகை வந்தால் நாம் எழுந்து ஓடிவிடுவோம். இது வந்தால் தெரியவே தெரியாது. புகை அடங்கிய கரித்தணல்தான் இந்த வாயுவைத் தாராளமாகக் கக்கும். ஆகவே "புகை எல்லாம் போயிடுச்சு, இப்ப தணல்தான்" என்று நாம் நிம்மதிப்படும் நேரம்தான் மிகவும் மோசமான நேரம்.

நம் ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமந்து போவது ஹீமோகுளோபின். அதோடு ஒட்டிக்கொள்வதில் கார்பன் மோனாக்சைடு, ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவானது. பஸ்ஸில் ஸீட் பிடிப்பது மாதிரி அது முதலில் உட்கார்ந்துவிடும். ஆக்ஸிஜன் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். மூளையும் இருதயமும் பட்டினி கிடக்கும்.

முதலில் தலைவலி. பிறகு கிறுகிறுப்பு, குமட்டல், அசதி. "வளைவில் வந்த களைப்பு" என்றோ, "சாப்பிட்டது ஒத்துக்கலை" என்றோ நினைத்துப் படுத்துவிடுவோம். தூங்கிக்கொண்டிருப்பவருக்கு இந்த எச்சரிக்கைகூடக் கிடைக்காது. தூக்கம் மயக்கமாகும், மயக்கம் மரணமாகும். குழந்தைகள் வேகமாக மூச்சு விடுவதால் அவர்களை முதலில் தாக்கும். கர்ப்பிணி பிழைத்தாலும் வயிற்றில் இருக்கும் சிசுவுக்குப் பெரிய ஆபத்து. குடித்துவிட்டுப் படுத்தவருக்குச் சுதாரிக்கும் சக்தியே இருக்காது. "கொஞ்சம் போட்டா சூடா இருக்கும்" என்பதும் பொய். மது தோலின் ரத்தக்குழாய்களை விரித்து, உள்ளே இருக்கும் சூட்டை வெளியே அனுப்பிவிடும்.

ஓர் அடையாளம் சொல்கிறோம், மனப்பாடம் செய்யுங்கள். ஒரே அறையில் இருக்கும் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்து, வெளிக்காற்றுக்குப் போனதும் குறைந்தால் சந்தேகமே வேண்டாம். அறையில் விஷவாயு இருக்கிறது.

கொரோனா காலத்தில் விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்ஸிமீட்டர் எல்லார் வீட்டிலும் வந்துவிட்டதே, அதில் பார்க்கலாமா? கூடாது. அந்தக் கருவிக்கு ஆக்ஸிஜனுக்கும் இந்த வாயுவுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆள் மயங்கிக் கிடக்கும்போதும் 98 என்று காட்டும்.

அப்படி ஆகிவிட்டால்...

• கதவு ஜன்னல்களை அகலத் திறந்து, எல்லாரையும் வெளியே கொண்டுவாருங்கள். உள்ளே நின்று காரணம் தேடாதீர்கள்.

• 108-க்குப் போன் செய்யுங்கள். "மூடின அறையில் கரி எரிந்தது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். டாக்டரிடமும் இதையே முதலில் சொல்லுங்கள். அவர் உடனே ஆக்ஸிஜன் வைப்பார். சாதாரணக் காற்றில் இந்த வாயு ரத்தத்தில் பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் ஆகும். சுத்தமான ஆக்ஸிஜன் கொடுத்தால் ஒன்று ஒன்றரை மணி நேரத்தில் குறையும்.

• நினைவில்லாமல் மூச்சு மட்டும் இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். காபி, தண்ணீர் எதுவும் கொடுக்காதீர்கள். மூச்சே இல்லையென்றால், தெரிந்தவர் நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்க வேண்டும்.

• தானே தெளிந்து எழுந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே தீர வேண்டும். ஞாபக மறதி, தடுமாற்றம் போன்றவை சில நாள், சில வாரம் கழித்துக்கூட வரலாம்.

நெருப்பில்லாமல் கதகதப்பு

கரி அடுப்பு, குமுட்டி, விறகுச் சட்டி எதுவாக இருந்தாலும் அதன் இடம் முற்றம்தான். ஜன்னலைத் திறந்து வைத்தாலும் அறைக்குள் வேண்டாம். வெளியே வைத்ததையும் படுக்கப் போகும் முன் தண்ணீர் ஊற்றி அணைத்துவிடுங்கள். குழந்தைக்குத் தலை குளிப்பாட்டிச் சாம்பிராணி போடும் பழக்கம் உள்ளவர்கள் மலையில் அதையும் தள்ளி வையுங்கள். அதுவும் கரித்தணல்தானே!

பழைய பங்களாக்களில் சுவரோடு கட்டிய கணப்பு இருக்கும். புகைபோக்கி அடைப்பில்லாமல் இருக்கிறதா என்று காவலாளியிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு, நீங்கள் விழித்திருக்கும் நேரம் மட்டும் எரியவிடுங்கள். குளியலறைக்குள்ளேயே கேஸ் கீசர் இருந்தால், கதவைத் திறந்து வைத்து வாளியில் வெந்நீர் பிடித்துக்கொண்டு, கீசரை அணைத்த பிறகே குளிக்கப் போங்கள். வேனிலோ காரிலோ இன்ஜினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்குவதும் இதே ஆபத்துதான். டிரைவர் தம்பியிடமும் சொல்லி வையுங்கள். அவருக்கு ஒரு கம்பளி வாங்கிக் கொடுப்பது நம் கடமை.

அப்படியானால் குளிருக்கு என்னதான் செய்வது?

மின்சார ஹீட்டர் கேளுங்கள். அதில் எதுவும் எரிவதில்லை, ஆகவே இந்த வாயு வராது. படுக்கை, திரைச்சீலையிலிருந்து மூன்றடி தள்ளி இருக்கட்டும். அதன் மேல் ஈரச் சாக்ஸைக் காயப்போடாதீர்கள். எக்ஸ்டென்ஷன் ஒயரில் சொருகாமல் நேராகச் சுவர் பிளக்கில் சொருகுங்கள். அறை சூடானதும் அணைத்துவிட்டுப் படுங்கள்.

சாப்பிட்டதும் பாலோ சூப்போ சூடாகக் குடியுங்கள். படுக்கும் முன் காலை வெந்நீரில் நனைத்து, ஈரம் போகத் துடைத்துக் காலுறை போடுங்கள். கம்பளிக்குக் கீழே ஒரு பருத்திப் போர்வை விரித்தால் உறுத்தாது, சூடும் நிற்கும். தரையிலிருந்துதான் குளிர் ஏறும், ஆகவே கீழே படுக்கிறவருக்கு மெத்தைக்கு அடியிலும் ஒரு கம்பளி. வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிப் படுக்கையில் வைத்துச் சூடாக்கிவிட்டு எடுத்துவிடுங்கள். சர்க்கரை நோயாளியின் மரத்துப்போன காலுக்கு அது வேண்டாம். கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

கைக்குழந்தைக்குப் பெரியவர்களைவிட ஓர் உடுப்பு அதிகம் போட்டால் போதும். முகம் மூடும்படி கம்பளி போர்த்தாதீர்கள். உச்சி வியர்த்தால் அதிகம் என்று அர்த்தம். கற்பூரம் கலந்த தைலத்தை இரண்டு வயதுக்குக் கீழே தடவ வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு ஜன்னலை நாலு விரல்கடை திறந்து வைத்துவிட்டுப் படுங்கள்.

நம்ம ஊர்ப் பாடம்

"ஐயோ, ஜன்னலைத் திறந்தா பனிக்காத்து நெஞ்சில இறங்கிடுமே!" என்பீர்கள். இந்தப் பயத்துக்குப் பதில் நம் ஊரிலேயே இருக்கிறது. தினமும் மின்சார ரயிலில் 'தாம்பரம் சானடோரியம்' ஸ்டேஷனைத் தாண்டிப் போகிறோம். அந்தப் பெயர் எப்படி வந்தது தெரியுமா?

டாக்டர் சௌரி முத்து என்ற தமிழர் இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் காசநோயாளிகளுக்கு ஒரு சானடோரியம் நடத்தினார். அந்தக் காலத்தில் காசநோய்க்கு மருந்து கிடையாது. சுத்தமான காற்று, ஓய்வு, நல்ல சாப்பாடு இவைதான் வைத்தியம். அந்த ஊர்க் குளிரிலும் காற்று தாராளமாக வந்து போகிற அறையில்தான் நோயாளிகள் படுத்தார்கள். நம் கணித மேதை ராமானுஜன் 1917-ல் அங்கே தங்கிச் சிகிச்சை பெற்றவர். பிறகு இந்தியாவுக்கு வந்த டாக்டர் முத்து 1928-ல் தாம்பரத்தில் ஆரம்பித்ததுதான் அந்தச் சானடோரியம். 1937-ல் அது அரசாங்கத்தின் கைக்கு வந்தது. இன்றைக்கு அதுதான் அரசு நெஞ்சக மருத்துவமனை.

காசநோய்க்கு இன்று நல்ல மருந்துகள் வந்துவிட்டன. ஆனாலும் காற்று வந்து போகிற அறையில் நோய்க்கிருமியும் தங்காது, விஷவாயுவும் தங்காது என்பது மாறவில்லை. நன்றாகப் போர்த்திக்கொண்டவருக்கு நாலு விரல்கடைக் குளிர்காற்று ஒரு கெடுதலும் செய்யாது. சளி பிடிப்பது வைரஸால். அடைத்த அறையில் எட்டுப் பேர் நெருக்கியடித்துப் படுத்தால் அதுதான் சீக்கிரம் பரவும்!

வீடு திரும்பிய பிறகு

மலையிலிருந்து வந்த ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் விடாத காய்ச்சல், கடும் தலைவலி வந்தால் "தண்ணி மாறினதுதான்" என்று தள்ளிப் போடாதீர்கள். புல்லிலும் புதரிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடிப்பதால் வரும் ஸ்க்ரப் டைஃபஸ் தமிழ்நாட்டில் மழைக்காலத்திலும் குளிர்காலத்திலும் அதிகம். இடுப்பு, அக்குள், தொடை இடுக்கில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். "மலைக்குப் போய்வந்தோம் டாக்டர்" என்ற ஒரு வார்த்தையைச் சொல்லுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் சுலபமான மருந்திலேயே குணமாகும். விட்டுவிட்டால் நுரையீரல், சிறுநீரகம் வரை பாதிக்கும்.

கிளம்பும் முன் விடுதிக்காரரிடம் கேளுங்கள்

1. அறையைச் சூடாக்க என்ன வைத்திருக்கிறீர்கள்? மின்சாரமா, கேஸா, கரியா? கரி, கேஸ் என்றால் "வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள்.

2. கீசர் எந்த வகை? குளியலறைக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா?

3. ஜன்னல் திறக்குமா? சில காட்டேஜ்களில் ஆணி அடித்திருப்பார்கள்!

4. ஆளுக்கு எத்தனை கம்பளி தருவீர்கள்?

5. கார்பன் மோனாக்சைடு அலாரம் உண்டா? இல்லையென்றால் பேட்டரியில் ஓடும் சின்னக் கருவி கடைகளில் கிடைக்கிறது. அடிக்கடி மலைக்குப் போகிறவர்கள் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

6. பக்கத்தில் ஆஸ்பத்திரி எங்கே? ராத்திரியில் வண்டி கிடைக்குமா?

இந்த ஆறு கேள்விக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற இடத்தில் ரூம் போடுங்கள். வாடகை ஐந்நூறு கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை.

இந்த மார்கழிக்குத் தாராளமாகக் கிளம்புங்கள். ஏரியைச் சுற்றிச் சைக்கிள் விடுங்கள், சுடச்சுட மிளகாய் பஜ்ஜி சாப்பிடுங்கள், பனிமூட்டத்தில் போட்டோ எடுங்கள். ராத்திரி விளக்கை அணைக்கும் முன் மட்டும் யாராவது ஒருத்தர் எழுந்து பார்த்துவிடுங்கள். தணல் வெளியே இருக்கிறதா? ஜன்னல் நாலு விரல்கடை திறந்திருக்கிறதா? இரண்டும் சரி என்றால் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்குங்கள்!